நீளாத நாண்

வில் உடைந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு. நேரத்தில் சந்தேகம் இல்லை. உடைந்த நுனி பறந்துபோய் வில்வித்தை கிளப்பின் சுவர்க்கடிகாரத்தில் குத்தி நின்றது. கடிகாரமும் நின்றது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தக் கடிகாரத்துக்குக் கீழே இரண்டு பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள்.

ஒருத்தி அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மற்றவர்கள் எழுதித் தந்த காகிதங்களில் பொய்யைத் தேடியவள். இப்போது அதையே ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை எடுத்துத் தனியாகச் செய்கிறாள். இன்னொருவன் அவளுடைய கொழுந்தன். டயர் கம்பெனி மூடிய பிறகு, வேறு வேலை கிடைக்கும்வரை அண்ணிக்கு உதவியாக இருக்கிறான். மூன்று வருஷமாக.

"சாட்சி கிடைச்சாச்சு அண்ணி. வாயைத் திறக்கத்தான் மாட்டேங்குது."

"ஏணி அங்க இருக்கு. ஏறு."

ஏறினான். கடிகாரத்தில் குத்தியிருந்த மரத்துண்டு ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"எப்படி இருக்கு?"

"மரம் உடைஞ்சா சிலாம்பு சிலாம்பா இருக்கணும்ல? இது ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு. சோப்புக் கட்டியை நூல் போட்டு அறுத்த மாதிரி."

அண்ணி தலையாட்டினாள்.

"இறங்கு. நூல்காரரைப் பாப்போம்."

*

நூல்காரர் என்றால் வில்தச்சர், அண்ணியைக் கூப்பிட்டனுப்பியவர். கிளப் மைதானத்தின் பின்மூலையில் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. தரை முழுக்க மரச்சீவல். பிடிப்புக் கட்டையில் பாதி செதுக்கிய வில் ஒன்று இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதையும் தொடவில்லை என்றார்.

"இன்னைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது மேடம். என் வில்லை இங்க தடை பண்ணப் போறாங்க. கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஒரு கிளப்ல தடைன்னா எல்லா கிளப்லயும் தடைதான். இருபத்திரண்டு வருஷம். ஒரே காலைல போயிடுச்சு."

"அடிபட்டவர்?"

"பல் டாக்டர். புருவத்துல ஏழு தையல். கண்ணு தப்பிச்சுது. மட்டமான மரத்தை அவர் தலையில கட்டிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

"கட்டினீங்களா?"

"ரெண்டு வருஷமா அதே வில்லுலதான் அடிக்கறார். மரம் மட்டம்னா மொத வாரமே சொல்லியிருக்கும்."

"நாண்?"

வில்தச்சருக்கு முகம் சிவந்தது. சுவரில் ஆணி ஆணியாக நாண்கள் தொங்கின. நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"பாருங்க. இது தோல் வார். வெயில்ல நல்லா இருக்கும், ஈரக்காத்து பட்டா நெகிழ்ந்துடும். இது பட்டு. அருமையான நூல், விலைதான் கையைச் சுடும். இது பாலியஸ்டர், புதுசா பழகறவங்களுக்கு. இது லினன். டாக்டருக்கு இதைத்தான் போட்டேன். பதினாறு இழை, மேல தேன்மெழுகு. நடுவுல சிவப்புக் கட்டு இருக்கு பாருங்க, அது என் கையெழுத்து மாதிரி."

"மழைல நனைஞ்சா?" கொழுந்தன் கேட்டான்.

"லினன் தண்ணி குடிக்கும். குடிச்சா இன்னும் உறுதியாகும்."

"குடிச்சதுக்கு அப்புறம் உறுதியா நிக்கற ஒண்ணை இப்பதான் சார் பாக்கறேன்."

வில்தச்சர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. கொழுந்தனுக்கு இரண்டும் பழக்கம்.

"சரி, இதுல எது ரொம்ப பலம்?" என்றான்.

"எல்லாரும் கேக்கற தப்பான கேள்வி. பலத்தைப் பாத்து நாண் எடுத்தா வில்லு போயிடும். அம்பை விட்டதும் வில்லு ஒரே உதறா நிமிருது இல்ல? அந்த உதறலை யாராவது வாங்கிக்கணும். நாண் ஒரு நெல்லளவு நீண்டு வாங்கிக்கும். நாண் விட்டுக்குடுக்கலேன்னா மரம் குடுக்கணும்."

"எங்க வீட்டுல நான்தான் நாண். எங்கண்ணன்தான் மரம்."

"மரம்ங்கறது சரி," என்றாள் அண்ணி. பிறகு வில்தச்சரிடம், "சுத்தமா நீளாத நூல் இருக்கா?"

"இருக்கு. ஃபைபர் நூல். கம்பிக்குச் சமம், எடை கிடையாது. கப்பி வெச்ச புது வில்லுக்கெல்லாம் அதுதான். அதுக்கு வில் நுனியில கொம்பு ஒட்டிப் பலப்படுத்தணும். என்னுது வெறும் மரம், ஒரு காடி வெட்டி நாணை மாட்டறோம், அவ்வளவுதான். ஃபைபர் போட்டா நாலு நாள்ல காடியை அறுத்துடும். என் கொட்டகைக்குள்ளேயே நான் அதை விடறதில்ல."

"உடைஞ்ச வில்லுல இருந்த நாணைப் பாத்தீங்களா?"

"தூரத்துலேர்ந்துதான். செயலாளர் எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். நான் தொட்டா ஆதாரம் கெட்டுடுமாம். சிவப்புக் கட்டு தெரிஞ்சுது. என் நாண்தான் மேடம், அதுல சந்தேகம் இல்ல."

"எப்போ குடுத்தது?"

"அதுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை. புது நாண். லினன் புதுசுல பத்து நாள் நீளும். காலைல முஷ்டியை வில்லுக்கும் நாணுக்கும் நடுவுல வெச்சுப் பாக்கணும். தளர்ந்திருந்தா ஒரு முனையைக் கழட்டி, முறுக்கு ஏத்தி மாட்டணும். டாக்டர் எத்தனை முறுக்குன்னு கேட்டார். மூணு போல இருக்கும்னேன். டைரியில எழுதிக்கிட்டார். எதையும் எழுதிக்குவார், நல்ல மனுஷன். போன வாரம் முழுக்க ஒரே சந்தோஷம் அவருக்கு. அம்பு என்னமா பறக்குதுங்கறார். திங்கக்கிழமையிலேர்ந்து தனக்குக் கை வந்துடுச்சாம்."

அண்ணி மேஜையில் கிடந்த லினன் நாணை விரலில் சுற்றினாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து," என்றாள்.

*

செயலாளர் அறையில் கோப்பைகள் அதிகம், காற்று குறைவு. சுவரில் வீட்டு வரைபடம் போல ஒன்று ஒட்டியிருந்தது. பின்மூலைக் கொட்டகை இருக்கும் இடத்தில் 'உடற்பயிற்சிக் கூடம்' என்று எழுதியிருந்தது.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"கொட்டகையைத் தூக்க ஆசைப்படறவர் கடிதாசி எழுதுவார். வில்லுக்கு நாண் மாத்தற அளவுக்குக் குனிய மாட்டார். தொப்பையைப் பாரு."

செயலாளர் பீரோவைத் திறந்து நாணை எடுத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"பாக்கலாம். தொடக் கூடாது."

தேன் நிறம். நடுவில் சிவப்புக் கட்டு. வில்தச்சரின் சுவரில் தொங்கியதற்கு இரட்டைப் பிள்ளை. ஒரே வித்தியாசம், இது காகிதத்தில் நேராகக் கிடக்கவில்லை. பழைய டெலிபோன் ஒயர் போலத் தன்மேல் தானே சுருண்டுகொண்டது.

அண்ணி செல்போனில் சிவப்புக் கட்டை நெருக்கமாகப் படம் எடுத்தாள். டீ வந்தது. மூன்று கண்ணாடித் தம்ளர்கள், ஆவி பறக்க. கொழுந்தன் கையை நீட்டினான். முழங்கை காகிதத்தின் ஓரத்தை இடித்தது. காகிதம் சரிந்தது. நாணின் ஒரு முனை, மிகச் சரியாக, அவனுடைய டீயில் விழுந்தது.

"ஐயையோ!" என்றான் கொழுந்தன். குரலில் கொஞ்சம் அதிகமான வருத்தம்.

"ஆதாரம்! ஆதாரம்!" செயலாளர் எழுந்துவிட்டார்.

"இருங்க," என்றாள் அண்ணி.

டீயின் மேல் வண்ணவண்ணமாக எண்ணெய்ப் படலம் விரிந்தது. மெழுகு உருகிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாசனை. அண்ணி முகர்ந்தாள்.

"பிரவுன் ஷூ பாலிஷ். தேன்மெழுகு இல்ல."

மெழுகு போன இடத்தில் நூல் வெளுத்துத் தெரிந்தது. அண்ணி ஸ்பூனால் அதை அடிவரை அழுத்தினாள். விட்டாள். மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"லினன் தண்ணி குடிக்கும். குடிச்சா முழுகும். இது குடிக்கவே மாட்டேங்குது."

"நல்ல குடும்பத்துல பொறந்திருக்கு," என்றான் கொழுந்தன்.

"வில்தச்சர் குடுத்த நாண் இது இல்ல சார். யாரோ அச்சு அசலாப் பண்ணி மாத்தியிருக்காங்க."

செயலாளர் உட்கார்ந்தார். தொப்பை மேஜையில் இடித்தது. "சிவப்புக் கட்டு அவரோடதுதானே? அவரே மலிவா ஒண்ணைப் பண்ணிக் குடுத்திருந்தா? நாலு மணிக்குள்ள பண்ணின ஆளைக் காட்டுங்க மேடம். இல்லேன்னா தீர்மானத்துல கையெழுத்து போடுவேன்."

வெளியே வந்ததும் கொழுந்தன் சொன்னான், "என் டீ போச்சு."

"வேணும்னுதானே தள்ளின?"

"கேக்காதீங்க அண்ணி. கேட்டா சொல்லிடுவேன்."

அண்ணி நடந்துகொண்டே விரல் மடக்கினாள். "நீளக் கூடாது. அறுந்துபோகக் கூடாது. தண்ணியில முழுகக் கூடாது. ஒரு நூல்கிட்ட இத்தனையும் எதிர்பாக்கறவங்க யாரு?"

"மாப்பிள்ளை தேடறவங்க."

"மீன் பிடிக்கிறவங்க."

*

தூண்டில் கடை ஒரு சந்தில் இருந்தது. அகலம் நாலு அடி. கடைக்காரர் உள்ளே இருந்தால் வாடிக்கையாளர் வெளியேதான் நிற்க வேண்டும். நூல் உருளைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"மிதக்கற நூலா? பின்னல் நூல் சொல்றீங்க. ஃபைபர். இதோ இருக்கு, எட்டு ரகம். யார் வாங்கினதுன்னா நான் என்ன சொல்ல? வாரத்துக்கு முப்பது பேர் வாங்கறான். முப்பது பேரும் மீன் பிடிக்காமத்தான் திரும்பி வரான்."

அண்ணி செல்போனை நீட்டினாள். "இந்தக் கட்டைப் பாருங்க."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படத்தைப் பெரிதாக்கினார். முகம் மெல்ல மாறியது. நண்பனின் கையெழுத்தைப் பார்த்தவர் போல் இருந்தார். இல்லை, எதிரியின் கையெழுத்தை.

"இது முள்ளு கட்டற கட்டு. தூண்டில் முள்ளைக் காம்போட சேத்து நூலைச் சுத்துவோமே, அது. ஊரே அஞ்சு சுத்து சுத்தி முடிச்சுடும். இது ஏழு. ஏழாவது சுத்தை ஏழெட்டு மயிரிழை தள்ளித் திருப்பி விட்டிருக்கு பாருங்க. அப்படித் திருப்பினா எந்த மீன் இழுத்தாலும் நழுவாது. நான் கத்துக்குடுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். நீங்களே கண்டுபிடிங்கன்னுட்டாங்க."

"யாரு?"

"தூண்டிலம்மா. நாலு மாசம் முன்னாடி இந்தப் பக்கம் குடி வந்தாங்க. ரிடையர்டு தையல்காரம்மா. விரல் ஒவ்வொண்ணும் ஊசி. போன மாசம் அணையில பதினோரு கிலோ மீனைத் தூக்கினாங்க. பதினோரு வருஷமா அந்த மீனுக்காக நான் உட்கார்ந்திருந்தேன்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கடை நூல்ல."

"வீடு எங்க?"

"தெருமுனை. பல் ஆஸ்பத்திரி மாடி. அந்த டாக்டரோட மாமியார்தான்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஏற்கெனவே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை தேடறவங்கன்னு நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்," என்றான்.

*

கீழே பல் மெஷின் ஓடுவது மாடிவரை கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது.

தூண்டிலம்மா கதவைத் திறந்து, இரண்டு பேரையும் பார்த்து, அண்ணியின் செல்போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். எதையும் மறுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். கூடத்தில் எல்லாவற்றின் மேலும் சின்னச் சின்ன சீட்டு ஒட்டியிருந்தது. சாவி. பேட்டரி. பில். அம்பு.

மெஷின் ஓடும்போது மட்டும் அவள் பேசினாள். நின்றால் நிறுத்தினாள்.

"அவர் கோட்டு, வெள்ளைக் கோட்டு. நான்தான் தேய்க்கறது. முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி தேய்ச்சேன். பையில இந்தக் கயிறு இருந்தது தெரியாது. இஸ்திரிப் பெட்டியை வெச்சு எடுத்தா மெழுகு உருகி, கயிறு கருகி..."

மெஷின் நின்றது. யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். மெஷின் ஓடியது.

"...இழுத்துப் பாத்தேன். பொடுக்குன்னு நாலு இழை போச்சு. அவர் பொருளை யாரும் தொடக் கூடாதும்மா. தொட்டா கத்தமாட்டார். பேசாம இருப்பார். ஒரு நாள் பேனாவை இடம் மாத்தி வெச்சதுக்கு மூணு நாள் பேசலை. சரி, புதுசு ஒண்ணு பண்ணிடுவோம்னு ராத்திரியே உக்காந்தேன். பழசைப் பக்கத்துல வெச்சு அளந்து பண்ணினேன். இம்மி பிசகலை."

"நூல் மட்டும் வேற," என்றாள் அண்ணி.

"வேறன்னா என்ன? நல்லதுதானே? பழசு பொடுக்குன்னு போற நூலு. இது பதினோரு கிலோவைத் தாங்கின நூலு. அவருக்குன்னு இருக்கறதுலயே ஒசத்தியாப் பாத்துதான் எடுத்தேன்."

கொழுந்தன் கூடத்துச் சீட்டுகளைப் படிக்கத் தொடங்கினான்.

"முந்தாநாள் காலைல ரத்தச் சட்டையோட வந்தார். அதை நான்தான் அலசினேன். கயிறாலதான்னு அப்பவே தோணிச்சு. கேக்கறதுக்கு வாய் வரலை." தூண்டிலம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த வீட்ல பாட்டரிக்குக்கூட ஒரு இடம் இருக்கு. எனக்கு இன்னும் சீட்டு எழுதலை. பெரியவ வீட்ல ஆறு வருஷம் இருந்தேன், அவ வெளியூர் போயிட்டா. இங்கேர்ந்தும் போகச் சொன்னா எங்க போவேன்?"

"நாலு மணிக்கு ஒருத்தரோட கொட்டகை போகுதும்மா. அவரும் எங்க போவார்னு தெரியலை."

மெஷின் நின்றது. இம்முறை அண்ணிதான் நிறுத்தாமல் பேசினாள், குரலைத் தாழ்த்தி.

"நூல் மாறியிருக்குன்னு காட்டிடுவேன். யாருன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது வேற. அந்தக் கருகின நாண் இருக்கா?"

தூண்டிலம்மா மடியிலிருந்த தூண்டில் பெட்டியின் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

அண்ணி எழுந்தாள்.

"கிளப் கடிகாரம் நின்னுபோச்சு. உங்க வாட்ச்சைப் பாத்து வாங்க."

படியிறங்கும்போது கொழுந்தன் கேட்டான், "வராம போயிட்டா?"

"சொல்லுவேன்."

"மனசு வருமா?"

"வராது. சொல்லுவேன்."

*

கமிட்டி அறையில் ஐந்து நாற்காலி. ஐந்திலும் ஆள். பல் டாக்டர் புருவத்தில் பிளாஸ்திரியோடு ஓரத்தில் உட்கார்ந்து டைரியைத் திறந்து வைத்திருந்தார். வில்தச்சரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் கதவோரம் நின்றார். சட்டையில் இன்னும் மரத்தூள்.

அண்ணி தண்ணீர்த் தம்ளரில் ஒரு துண்டு லினனையும், பீரோவிலிருந்து வந்த நாணின் முனையையும் போட்டுக் காட்டினாள். ஒன்று முழுகியது. ஒன்று மிதந்தது. ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என் நாண் இல்ல," என்றார் வில்தச்சர். முதல்முறையாக அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "தொட விட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"அப்போ யாரோடது?" பல் டாக்டர் எழுந்தார். "என் பையிலேயே இருந்தது. என் வீட்ல என் பொருளை யாரும் தொட மாட்டாங்க."

"அதான் நானும் கேக்கறேன்," என்றார் செயலாளர். பேனா மூடியைக் கழற்றினார். "நாலு மணி ஆச்சு. ஆள் யாரு மேடம்?"

அண்ணி ஜன்னல் வழியாக அந்தச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பத்திரண்டு.

"ரெண்டு நிமிஷம்," என்றாள்.

"எதுக்கு?"

"மூச்சு வாங்க. அண்ணிக்கு ஆஸ்துமா," என்றான் கொழுந்தன். அண்ணிக்கு ஆஸ்துமா கிடையாது. கடமைக்கு ஒரு தரம் இருமினாள்.

இரண்டு நிமிஷம் ஆனது. செயலாளர் காகிதத்தை இழுத்தார். வில்தச்சர் தலை குனிந்தார். அண்ணி வாயைத் திறந்தாள்.

கதவு முந்திக்கொண்டது.

தூண்டிலம்மா உள்ளே வந்தாள். வேகமாக நடந்து வந்திருந்தாள். தூண்டில் பெட்டியை மேஜையின் நடுவில் வைத்துத் திறந்தாள். முள்களுக்கும் மிதவைகளுக்கும் நடுவிலிருந்து, கருகிய லினன் நாணை எடுத்து வெளியே போட்டாள்.

"நான்தான்," என்றாள். "இவரோட கோட்டைத் தேய்க்கறப்ப இதைக் கருக்கிட்டேன். சொல்லப் பயந்துகிட்டு அதைப் பண்ணி வெச்சேன். இந்த மனுஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இவர் கொட்டகையைத் தொடாதீங்க."

செயலாளர் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டு வில்தச்சர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

பல் டாக்டரின் முகம் பிளாஸ்திரியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"அத்தை. என் பொருளைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கண்ணு போயிருக்கும். தெரியுமா?"

தூண்டிலம்மா தலை குனிந்தாள்.

அண்ணி கருகிய நாணை எடுத்து, ஃபைபர் நாணின் பக்கத்தில் நீட்டி வைத்தாள். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தாள். மறுமுனை சேரவில்லை. ஃபைபர் நாண் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது.

"ரெண்டும் ஒரே அளவுன்னு சொன்னீங்களேம்மா."

"ஒரே அளவுதான்! இம்மி..." தூண்டிலம்மா நிமிர்ந்தாள். குனிந்து பார்த்தாள். ஃபைபர் நாணை எடுத்து இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் தளர்த்தினாள். அது பாம்பு போலத் தன்மேல் சுருண்டது. அவள் கண்ணை இடுக்கி, சுருளை எண்ண ஆரம்பித்தாள்.

"நான் இவ்வளவு முறுக்கு விடலையே."

"டாக்டர்," என்றாள் அண்ணி, "டைரியில என்ன எழுதியிருக்கு?"

பல் டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். தன் கையெழுத்தைப் படித்தார். "தினமும் மூணு முறுக்கு. திங்கள், டிக். செவ்வாய், டிக். ஒரு நாள்கூட விடலை. அவர் சொன்னபடியே பண்ணினேன்."

"முஷ்டி வெச்சுப் பாத்து, தளர்ந்திருந்தா முறுக்கணும்னு சொன்னேன் டாக்டர்," என்றார் வில்தச்சர் மெதுவாக.

பல் டாக்டர் டைரியைப் பார்த்தார். அந்த வரி அங்கே இல்லை.

"ஏழு நாள்," என்றான் கொழுந்தன். "இருபத்தொரு முறுக்கு. நீளாத கயிறுக்கு." அதற்கு மேல் அவனிடம் ஜோக் எதுவும் இல்லை.

நாண் குட்டையாகக் குட்டையாக வில் வளைந்துகொண்டே போயிருக்கிறது. அம்பு வேகமாகப் போயிருக்கிறது. டாக்டருக்குக் கை வந்திருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை. கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் வில் பிடித்தவர்கள்.

தூண்டிலம்மா ஃபைபர் நாணை மேஜையில் வைத்தாள். தூண்டில் பெட்டியை மூடிக் கொக்கி போட்டாள். மருமகனைப் பார்த்தாள். நாலு மாசத்தில் முதல்முறையாக, நேராக.

"மூணு மூணா முறுக்கினீங்களே மாப்ளே, தளர்ந்திருக்கான்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"